நோட்டில் விழாத ஒரு ரன்

ஞாயிற்றுக்கிழமை காலை. எட்டாவது ஓவரில் நாலு பந்து முடிந்து, மூன்று விக்கெட்டுக்கு அறுபத்தொன்று. அம்பயராக நின்ற பையனின் சட்டைப்பையில் போன் அடித்தது. ஆட்டத்தின் நடுவே அவன் போனை எடுக்கிறவன் இல்லை, அன்றைக்கு எடுத்தான். பிறகு நான் உட்கார்ந்திருந்த பக்கம் நடந்து வந்து, "தாத்தா, போஸ்ட்மேன் ஐயா தவறிட்டாவளாம்" என்றான். எல்லோரும் ஸ்டம்பைப் பிடுங்கப் போனார்கள். மீதி இரண்டு பந்தையும் போட்டு முடியுங்கள் என்று நான்தான் சொன்னேன். பாதி ஓவரில் எழுந்து போவது ஜெபமணி அண்ணாச்சிக்குப் பிடிக்காது.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல என் மகள் இதை எழுதுகிறாள். அண்ணாச்சியை அறிந்த உங்களில் பலருக்கு அவர் கடிதம் கொண்டுவந்தவர். எனக்கு ஸ்கோர் கொண்டுவந்தவர். நான் விசைத்தறியில் வேலை பார்த்தேன். பன்னிரண்டு தறி ஓடுகிற கொட்டகையில் காதுக்குள் கத்தினாலும் கேட்காது. மேட்ச் நடக்கிற நாளில் அண்ணாச்சியின் சைக்கிள் ஹேண்டிலில் டிரான்சிஸ்டர் தொங்கும். வாசலில் தபாலைக் கொடுத்துவிட்டு ஜன்னலுக்கு வருவார். இடது கை விரல் விக்கெட், வலது கை விரல் ரன். ஒருநாள் எங்கள் முதலாளி பின்னால் வந்து நின்றதை அவர் கவனிக்கவில்லை.

"என்னவே, என் தறியை ஏலம் விடுதீரா?" என்றார் முதலாளி.

"இல்ல முதலாளி, ஆறு விக்கெட் போச்சு."

"அய்யய்யோ! இப்ப யாரு நிக்கா?"

அன்றிலிருந்து முதலாளியும் ஜன்னலுக்கு வந்துவிடுவார்.

இவ்வளவு பைத்தியமாக இருந்தவருக்கு மட்டை பிடிக்க வராது. பந்து வந்தால் கண்ணை மூடிக்கொள்வார். அவர் வாழ்நாளில் எடுத்த அதிகபட்சம் ஏழு ரன். அதில் நான்கு, அவரை ரன் அவுட் ஆக்க எறிந்த பந்து ஸ்டம்பில் படாமல் எல்லைக்கு ஓடியதால் வந்தது. அதையும் மறைக்கமாட்டார். "ஏழுதான் வே. ஆனா ஆட்டமிழக்கல" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்வார். அதனால் ஆபீஸ்காரர்கள் அணியில் அவருக்குக் கிடைத்தது ஸ்கோர் எழுதுகிற வேலை. அதை அவர் வேலையாக நினைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, அதே வெள்ளைச் சட்டையோடு வந்து வேப்பமரத்தடியில் உட்காருவார். ஓவர் நடக்கும்போது யாரிடமும் பேசமாட்டார். அவருடைய சொந்த மச்சான் கல்யாணப் பத்திரிகையோடு வந்து நின்றபோது, "இன்னும் ரெண்டு பந்து இருக்கு, நில்லும்" என்று நிற்க வைத்தார்.

நான் சொல்லவந்த ஆட்டம், நான் தறிக்காரர்கள் அணியில் ஆடிய காலத்தது. ராஜபாளையம் ரோட்டுக்கு மேற்கே இருந்த கரிசல் பொட்டலில் கோடைக் கோப்பையின் இறுதி ஆட்டம். எதிரே ஆபீஸ்காரர்கள். போன வருஷம் ஜெயித்தவர்கள் அவர்கள்தான். ரன் சமமானால் கோப்பை அவர்களிடமே இருக்கும் என்று முதலிலேயே பேசிக்கொண்டோம். அவர்கள் பதினைந்து ஓவரில் தொண்ணூற்றிரண்டு எடுத்தார்கள். எங்களுக்குக் கடைசிப் பந்து வந்தபோது நான் பந்து போடுகிற முனையில் நின்றேன். மாடசாமி அடிக்க நின்றான். நான் எந்த ஆட்டத்திலும் மனசுக்குள் எண்ணிக்கொண்டே இருப்பேன். அன்றும் அண்ணாச்சியின் ஸ்கோர் நோட்டில் எவ்வளவு என்று போய்க் கேட்கவில்லை. "ஸ்கோர் சமமா இருக்கு மாடா, ஒண்ணு எடுத்தாப் போதும்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மாடசாமி தட்டினான், ஓடினோம். ஒரு ரன் முடிந்ததும் நான் மட்டையைத் தூக்கி எறிந்துவிட்டுக் குதித்தேன். பந்து இன்னும் தூரத்தில் கிடந்தது. இரண்டாவது ரன்னை நடந்தே எடுத்திருக்கலாம். ஜெயித்தாச்சே, எதற்கு? ஆனால் அந்தப் பக்கம் பார்த்தால் ஆபீஸ்காரர்களும் குதித்துக்கொண்டிருந்தார்கள். நோட்டுப்படி எங்கள் ரன்னும் தொண்ணூற்றிரண்டுதான். கோப்பை அவர்களுக்கு.

எங்கள் ஆட்கள் எல்லோரும் என்னைச் சுற்றிக்கொண்டார்கள். "ஏலே, போய்க் கேட்டா வாய் தேஞ்சா போயிரும்? உன் மண்டைக்குள்ளதான் ஸ்கோர் போர்டு மாட்டியிருக்கோ?" என்று மாடசாமி மூக்கு விடைக்கக் கத்தினான். "நோட்டுல ஒரு ரன் விட்டுப் போச்சு" என்று நான் சொன்னபோது ஆபீஸ்காரர்களின் கேப்டன் சிரித்தார். "கைநாட்டு எண்ணுன எண்ணத்துக்குக் கோப்பையக் குடுக்கணுமாம்ல!" என்றார். அவர்கள் சிரித்தார்கள். எங்கள் அணியிலும் இரண்டு பேர் சிரித்தார்கள். அது இன்றைக்கும் எனக்கு மறக்கவில்லை.

அண்ணாச்சி சிரிக்கவில்லை. "இங்கன வாரும் முத்தையா. முதல் பந்துல இருந்து சொல்லும்" என்றார். நோட்டை மடியில் விரித்து, மூடிய பேனாவைக் கட்டத்துக்குக் கட்டம் நகர்த்திக்கொண்டே போனார். நான் சொன்னேன். முதல் ஓவர் முதல் பந்து சும்மா போனது, இரண்டாவது தட்டி ஒன்று, மூன்றாவது வைடு... சுற்றி நின்றவர்களின் சத்தம் மெல்ல அடங்கியது. ஆறு ஓவர் வரை ஒரு பந்துகூடப் பிசகவில்லை.

"ஏழாவது ஓவர், மூணாம் பந்து. என் கால் பேடுல பட்டு ஸ்லிப் பக்கம் போச்சு. ஒரு ரன் ஓடுனோம்" என்றேன்.

அவர் பேனா நின்றது. "இங்க புள்ளிதான இருக்கு."

"அப்ப நீங்க வடைப் பொட்டலத்தப் பிரிச்சுக்கிட்டு இருந்தீய, அண்ணாச்சி."

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அவர் மட்டும் நோட்டை முகத்துக்கு அருகில் கொண்டுபோய்ப் பார்த்தார். அதை அவர் ஒருவர்தான் பார்க்க முடியும். மூடி வைத்துவிட்டு "புள்ளிதான் சரி" என்று சொல்லியிருந்தால் அன்றைக்கு அவரை எதிர்த்துப் பேச ஆள் கிடையாது. அவர் நோட்டைத் திருப்பி எல்லோருக்கும் காட்டினார். மூன்றாம் பந்தின் கட்டத்தில் பெருவிரல் அகலத்துக்கு எண்ணெய்க் கறை.

"வடை எண்ணெய்தான். பந்தைப் பாக்காம புள்ளி வச்சிருக்கேன். முத்தையா சொல்லுதது சரி. தறிக்காரங்க தொண்ணூத்தி மூணு" என்றார்.

கேப்டனுக்கு முகம் சிவந்துவிட்டது. "அண்ணாச்சி, நீங்க நம்ம ஆளு!"

"நம்ம ஆளுதான். அதுக்காவ ஓடுன ரன்னை ஓடலன்னு எழுதவா?"

"ஆட்டம் முடிஞ்சப்புறம் நோட்டைத் திருத்துனா எவன் ஒத்துக்கிடுவான்? சாட்சி வேணும். கையெழுத்து வேணும்" என்றார் கேப்டன், என்னைப் பார்த்துக்கொண்டே.

அண்ணாச்சி எழுந்து சைக்கிளுக்குப் போனார். படிக்காதவர்கள் தபாலைப் பெற்றுக்கொண்டதற்கு விரல் ரேகை வாங்கும் மைப்பெட்டியை எடுத்து வந்தார். புள்ளியை அடித்து, ஒன்று போட்டு, ஓரத்தில் என் பெயரை எழுதி வாசித்துக் காட்டினார். பிறகு என் கையைப் பிடித்தார். அதுவரை கைநாட்டு வைக்கிற இடமெல்லாம் நான் உடம்பால் மறைத்துக்கொண்டுதான் வைப்பேன். "நல்லா அழுத்தி வையும். மங்கிரக் கூடாது" என்றார். இரண்டு அணியும் பார்த்துக்கொண்டிருக்க அழுத்தி வைத்தேன். கேப்டன் கோப்பையைக் கொண்டுவந்து மாடசாமியிடம் கொடுத்தார். அண்ணாச்சியோடு அவர் ஒரு மாதம் பேசவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன். "பேசாட்டா என்ன, தபால் வாங்கத்தான வேணும்" என்றார் அண்ணாச்சி.

அதற்குப் பிறகு நாங்கள் இருவரும் இருந்த எந்த ஆட்டத்திலும், ஓவர் முடிந்தால் அவர் தலையைத் தூக்கி நான் எங்கே நிற்கிறேன் என்று தேடுவார். நான் தலையை ஆட்டினால்தான் கோடு போடுவார். கால் தளர்ந்து வீட்டோடு இருந்த காலத்திலும், டி.வி.யில் மேட்ச் ஓடும்போது, "இவனுக எழுதுதது சரிதானா வே?" என்று என்னிடம்தான் கேட்பார். "சரிதான் அண்ணாச்சி" என்று நான் சொன்ன பிறகுதான் சாய்ந்து உட்காருவார்.

அடக்கம் முடிந்த மறுநாள் அவர் மகன் அந்தப் பழைய நோட்டை எடுத்துவந்து பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். எண்ணெய்க் கறை பழுப்பாகிவிட்டது. ரேகை மங்கவில்லை. "இத நீங்க வச்சுக்கிடுதீயளா?" என்று கேட்டார். அது அண்ணாச்சியுடைய நோட்டு, அவர் வீட்டிலேயே இருக்கட்டும் என்றேன். அன்றைக்கு வேப்பமரத்தடியில் எனக்குக் கிடைத்ததைத் தூக்கிவர நோட்டு தேவையில்லை. ரேஷன் கடை, ஆஸ்பத்திரி, பத்திர ஆபீஸ் என்று இந்த எழுபது வயதுக்குள் எத்தனையோ இடங்களில் பெருவிரலை நீட்டியிருக்கிறேன். அங்கெல்லாம் எனக்கு ஒன்றும் தெரியாது என்பதற்காகக் கைநாட்டு வாங்கினார்கள். எனக்குத் தெரியும் என்பதற்காக வாங்கியவர் ஜெபமணி அண்ணாச்சி ஒருவர்தான்.