பன்னிரண்டு மணிக்கு வரவேண்டிய பதிப்பு

மதியம் இரண்டு மணிக்குச் செய்தி வந்தது. தென்கொரியாவின் குன்சான் துறைமுகத்தை ஒட்டிய கணினிப் பயிற்சி நிலையத்தில், பிள்ளைகள் வருவதற்குள் மேசைகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள் போரம். கைபேசியில் இரங்கல் அறிவிப்புக்கான வெள்ளைச் சாமந்திப் படம். கீழே பியோ கி-சூ என்ற பெயர், மருத்துவமனையின் அஞ்சலிக்கூட எண். அவளுக்கு உடனே அழுகை வரவில்லை. பன்னிரண்டு மணிக்குக் கி-சூ அழுத்தவேண்டிய வெளியீட்டுப் பொத்தானை ஏன் அழுத்தவில்லை என்று இரண்டு மணி நேரமாகத் தவித்துக்கொண்டிருந்தாள். இப்போது தெரிந்துவிட்டது.

கி-சூ தீவுப் படகுகளுக்குச் சீட்டுக் கொடுப்பவர். மூடுபனி இறங்கினால் படகு ஓடாது. அந்த ஓய்வில் உட்கார்ந்து எழுதியதுதான் 'மின்மினி'. கணினி விளையாட்டு செய்கிறவர்கள் ஒவ்வொரு முறையும் புதிதாக எழுத வேண்டியவற்றை, படத்தை நகர்த்துவது, ஒலி எழுப்புவது, எங்கெங்கோ இருக்கும் இரண்டு பேரைச் சேர்த்து ஆடவைப்பது, எல்லாவற்றையும் தயாராகச் செய்து வைத்திருக்கும் நிரல் தொகுப்பு. யாரும் எடுத்துக்கொள்ளலாம், திருத்தலாம். பள்ளிக்கூடங்கள் எடுத்துக்கொண்டன. பின்னால் வசவுகளும் வந்தன. "ஒரு வாரமா பதில் இல்ல, செத்துட்டியா?" என்று முகம் தெரியாத ஒருவன் எழுதிய பிறகு கி-சூ அந்தப் பக்கமே போகவில்லை. தொகுப்பு வருஷக்கணக்கில் அப்படியே கிடந்தது.

புதிய கணினிகளில் தன் பிள்ளைகளின் விளையாட்டுகள் திறக்கவில்லை என்றதும் போரம் நேராகச் சீட்டு ஜன்னலுக்கே போய் நின்றாள்.

"எந்தத் தீவுக்கு?"

"தீவுக்கு இல்லண்ணா. மின்மினிக்கு."

"அது மூழ்கிப்போச்சே."

"மூழ்கல. தரைதட்டி நிக்குது. தள்ளிவிட ரெண்டு பேர் இருக்கோம்."

கண்ணாடிக்குப் பின்னால் அவர் சிரித்தார். இரண்டாவது ஆள் தேஜான் நகரத்துத் தேஊக். பல் மருத்துவமனையில் வேலை, அவசரக்காரன். மூவருமாக ஒரு குளிர்காலம் முழுக்கப் பழுது பார்த்தார்கள். அப்போதுதான் அந்த ஓட்டை கண்ணில் பட்டது. இருவர் சேர்ந்து ஆடும்போது, அந்த வழியாக மூன்றாவது ஆள் ஒருவன் பிள்ளைகளின் கணினிக்குள் நுழைந்துவிடலாம். கேமராவைக்கூடத் திறக்கலாம்.

வெளியே மூச்சு விடாமல் அடைத்தார்கள். ஆனால் எல்லாரும் பார்க்கும்படி வைத்திருக்கும் நிரலில் ஓட்டையை அடைத்ததைக் காட்டினால், ஓட்டை எங்கே இருந்தது என்பதையும் காட்டியதாகிவிடும். அதனால் திருத்தம் பொதுவில் ஏறிய கையோடு புதிய பதிப்பும் வெளிவந்துவிட வேண்டும். வெளியிடும் உரிமை கி-சூவிடம் மட்டும் இருந்தது. "இந்த ஒண்ண நான் போட்டுடறேன். அப்புறம் சாவி உங்களுக்குத்தான்" என்று சொல்லி இன்று விடுப்பு எடுத்திருந்தார்.

பன்னிரண்டு மணிக்கு 'தயார்' என்று அவர் சொன்ன பிறகே திருத்தத்தை ஏற்றுவதாகப் பேச்சு. தேஊக் அந்தச் சொல்லுக்குக் காத்திருக்கவில்லை. ஓட்டை எது, எப்படி நுழையலாம் என்ற விளக்கத்தோடு ஏற்றிவிட்டான்.

போரம் அவனை அழைத்தாள். "கி-சூ அண்ணன் போயிட்டாருடா."

"அக்கா, நான் ஏத்துனத எடுத்துட்டேன். ஆனா அதுக்குள்ள ஏழு பேரு பிரதி எடுத்திருக்காங்க. யாருன்னு தெரியல."

வகுப்பை ரத்து செய்துவிட்டு அஞ்சலிக்கூடத்துக்கு ஓடினாள். கி-சூவின் படத்தின் முன் வழக்கப்படி இரண்டு முறை மண்டியிட்டு வணங்கினாள். அந்த முகத்தை நிமிர்ந்து பார்க்கத் தைரியம் வரவில்லை. கி-சூவின் அக்கா ஓக்சுன் துக்கத்துக்கு வருகிறவர்களுக்குத் தரும் காரமான மாட்டிறைச்சிச் சூப்பை அவள் முன் வைத்தாள். காலையில் கிம்ச்சி ஊறுகாய் கொடுக்கப் போய், தம்பி குளியலறையில் விழுந்து கிடந்ததைக் கண்டவள் அவள்தான்.

"சாப்பிடு மொதல்ல. வெறும் வயித்தோட அழுதா தலை சுத்தும்."

"அக்கா... அண்ணனோட போன் வேணும். அவரு வீட்டுக் கம்ப்யூட்டரும்."

ஓக்சுன் கையில் இருந்த தட்டு மேசையில் ணங்கென்று விழுந்தது. "செத்த பிறகும் அவன் உங்களுக்கு வேலை செய்யணுமா? அவனைத் திட்டித் திட்டி எழுதினீங்களே, அந்தக் கூட்டத்துல நீ யாரு?"

போரம் கரண்டியைக் கீழே வைத்தாள். "திட்டுனவ இல்லக்கா. அவரு செஞ்சதுல ஒரு ஓட்டை இருக்கு. அடைக்கலன்னா கெட்டவன் எவனாவது பிள்ளைங்க கம்ப்யூட்டருக்குள்ள வந்துடுவான். அப்ப எல்லாரும் அண்ணன் பேரைத்தான் சொல்லுவாங்க."

ஓக்சுன் சட்டென்று கணவரைக் கைபேசியில் அழைத்தாள். "ஏங்க, எங்க இருக்கீங்க?"

"நீதானே தம்பி நம்பரை மூடச் சொன்ன? போன் கடையில டோக்கன் வாங்கி உக்காந்திருக்கேன். அடுத்தது நான்தான்."

"எதுலயும் கையெழுத்துப் போடாதீங்க! எழுந்து தம்பி வீட்டுக்குப் போங்க. ஒரு பொண்ணு வருவா."

அந்த எண் மூடப்பட்டால் எல்லாம் முடிந்தது. பதிப்பை வெளியிடும் கடைசி அனுமதிக்கான ரகசிய எண் அதற்குத்தான் வரும்.

வீட்டு வாசலில் கி-சூவின் செருப்பு வெளியே பார்த்தபடி இருந்தது. ஓக்சுனின் கணவர் உள்ளே வர மறுத்து, கி-சூவின் கைபேசியை மட்டும் நீட்டினார். போரம் குளியலறைக் கதவைப் பார்க்காமல் சுவரோரமாகவே நடந்தாள். சோற்றுக் குக்கர் இன்னும் சூடாக இருந்தது. மேசையில் கணினி திறந்தே கிடந்தது. தொட்டதும் திரை வெளிச்சமானது. வெளியீட்டுப் பக்கம். எல்லாம் நிரப்பித் தயாராக வைத்திருந்தார், ஒரு கட்டத்தைத் தவிர.

பொத்தானை அழுத்தினாள். ரகசிய எண் கேட்டது. கைபேசி அவள் உள்ளங்கையில் அதிர்ந்தபோது அலறிவிட்டாள். பூட்டிய திரையில் எண் மின்னியது. முதல் முறை தப்பாக அடித்தாள். இரண்டாவது முறை ஏற்றுக்கொண்டது. 'வெளியிட்டவர்: பியோ கி-சூ' என்று திரை சொன்னது. அவள் முதுகுக்குப் பின்னால் வீட்டில் எந்தச் சத்தமும் இல்லை.

தேஊக் அழைத்தான். "வந்துடுச்சுக்கா. இறங்குது. ஆனா அந்த ஏழு பேரு... இதுக்குள்ள என்ன செஞ்சிருப்பாங்க?"

"தெரியலடா." அவளுக்கு உண்மையிலேயே தெரியவில்லை.

நிரப்பாமல் விட்ட அந்தக் கட்டத்தில், 'இந்தப் பதிப்பில் சரிசெய்தவை' என்ற தலைப்பை மட்டும் கி-சூ அடித்திருந்தார். பதிப்பு அப்படியே வெளிவந்தது. அந்தத் தலைப்பின் கீழ் இன்றுவரை யாரும் ஒரு வரியும் எழுதவில்லை.