கார்பெட்டுக்காக அறுத்த நாலு கொக்கி

1. இறங்கி வரச் சொன்னவள்

மெர்சி எங்கள் ஆபீசுக்கு முதன்முதலில் வந்த அன்றைக்கு நான் மாடியில் இருந்தேன். வாட்ச்மேன் மேலே வந்து, "வீல்சேர்ல ஒரு பொம்பளப்புள்ள வந்துருக்கு ஸார். மாடி ஏற ஏலாதாம். ஓவர்சியர் இறங்கி வரட்டும்னு சொல்லுது" என்றார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஓவர்சியராக முப்பது வருடம் ஓட்டியவனை இறங்கி வரச் சொல்ல இவள் யார்? முனகிக்கொண்டேதான் இறங்கினேன்.

இருபத்தாறு வயதிருக்கும். குளத்தூர்க்காரி, அப்பா உப்பளத் தொழிலாளி. மாற்றுத்திறனாளி விளையாட்டுக்காரர்களுக்காக ஊர் ஊராக அலைந்து மனு எழுதுகிறவள் என்று சொன்னாள். நான் உட்காரக்கூட இல்லை, ஆரம்பித்துவிட்டாள்.

"இரும்புக் குண்டு எறியுற போட்டின்னா தூத்துக்குடிக்குப் போ, மதுரைக்குப் போங்காவ. நாகலாபுரத்துல இருந்து வீல்சேரைத் தூக்கிக்கிட்டு ரெண்டு பஸ் மாறி எவ ஸார் போவா? வளர்ச்சி வளர்ச்சிங்காவ, அது பைபாஸ்லயே போயிருது. ஊருக்குள்ள இறங்கவே மாட்டுக்கு. செலக்‌ஷன் இங்கன நடக்கணும். அதுக்கு ஒரு சிமெண்ட் தளம் வேணும், நாலு கொக்கியோட."

"கொக்கி என்னத்துக்கும்மா?"

"நாங்க இரும்பு நாற்காலில உக்காந்து எறியுறவங்க. நாற்காலி ஒரு நூல் அசைஞ்சாலும் ஃபவுல். நாலு பக்கமும் பெல்ட் போட்டுக் கட்டணும். நம்ம மண்ணுல முளை அடிச்சா நிக்குமா, நீங்களே சொல்லுங்க."

நிற்காது. கரிசல் மழைக்குக் களி, கோடைக்குக் கை நுழையும் வெடிப்பு. அதை எனக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. எஸ்டிமேட் போட்டுக் கொடுத்தேன். குறைதீர் நாள் ஒன்று விடாமல் போய் உட்கார்ந்து, ஆறு மாதத்தில் அவள் சாங்ஷன் வாங்கிவிட்டாள்.

வேலையை நான் ஒழுங்காகத்தான் செய்தேன். மூன்றடிக்குக் கரிசலை வெட்டி எடுத்து, கிராவல் நிரப்பி, தண்ணீர் விட்டு இடித்து, கம்பி கட்டி, பதினாறு எம்.எம். கம்பியில் கொக்கி வளைத்து அந்தக் கம்பிக் கூட்டோடு சேர்த்துக் கட்டி, கான்கிரீட் போட்டேன். மெர்சி வந்து ஒவ்வொரு கொக்கியிலும் பெல்ட்டை மாட்டி, பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்துப் பார்த்தாள்.

"அசையல ஸார்" என்று சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

2. மேடை

தேர்வுப் போட்டியை, தளம் போட்ட எங்கள் ஊர் மைதானத்திலேயே வைத்தார்கள். பதின்மூன்று பேர் பெயர் கொடுத்தார்கள். அதில் செல்வராணி என்று ஒருத்தி, பசுவந்தனைப் பக்கம், தீப்பெட்டி ஆபீசில் லேபிள் ஒட்டுகிறவள். இரண்டு காலும் முழங்காலுக்குக் கீழே கிடையாது. உழாத தரிசில் நாற்காலியைப் போட்டு, புருஷன் பிடித்துக்கொள்ள எறிந்து பழகியவள். இங்கே தேறினால் மாநிலப் போட்டிக்குப் போகலாம். அதற்காக ஒருநாள் லீவு கெஞ்சி வாங்கியிருந்தாள்.

முந்தின நாள் மத்தியானம் எங்கள் உதவிப் பொறியாளர், ஏ.இ., ஜீப்பில் வந்து இறங்கினார். வயதில் எனக்கு மகன் மாதிரி, பதவியில் எனக்கு மேலே.

"ஓவர்சியர், மேடையை இந்த சிமெண்ட் மேலயே போட்டுருங்க. ஆமா, என்ன இது, கம்பி நீட்டிட்டு நிக்குது? சீஃப் கெஸ்ட் தடுக்கி விழுந்தா நீங்களா பதில் சொல்லுவீங்க?"

"ஸார், அது அவங்க நாற்காலி கட்டுறதுக்கு..."

"அதெல்லாம் நாலு பேர் பிடிச்சுக்குவாங்க. கார்பெட் சமமா கிடக்கணும். எடுத்து விட்டுருங்க."

மூன்று ஏக்கர் மைதானம். மேடைக்கு வேறு இடமே இல்லையா? கேட்கவில்லை. எழுத்தில் கொடுங்கள் என்றும் கேட்கவில்லை. வெல்டரைக் கூப்பிட்டு நான்தான், என் வாயால்தான், "அறுத்துருப்பா" என்றேன். எம்-புக் என்கிற அளவுப் புத்தகத்தில் என் கையால் அளவெழுதிய கொக்கிகள். கம்பி அறுக்கும் கிரைண்டருக்கு ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

3. சிவப்புக் கொடி

மறுநாள் சீஃப் கெஸ்ட் வந்தார், சாதனைக்கு ஊனம் தடையல்ல என்று பேசினார், கால் மணி நேரத்தில் காரில் ஏறிவிட்டார். கார்பெட்டைச் சுருட்டினார்கள். மெர்சி தளத்தின் மேல் வண்டியை உருட்டிக்கொண்டு வந்தாள். நாலு மூலையிலும் கம்பி அறுபட்ட இடம் பளபளவென்று தெரிந்தது.

"கொக்கி எங்க ஸார்?"

நான் ஏ.இ. முகத்தைப் பார்த்தேன். அவர் போனைப் பார்த்தார்.

"ஒங்களைத்தான் கேக்கேன். ஆறு மாசம் கேட்டு வாங்குனது. கார்பெட் கால் மணி நேரம் கிடக்கதுக்கா அறுத்திய?"

துளை போட்டு மறுபடி நட்டால் இறுகுவதற்கு ஒரு நாள் வேண்டும். தேர்வுப் பட்டியலோ அன்று சாயங்காலமே போயாக வேண்டும். கையால் பிடித்துக்கொள்ளலாமா என்று கேட்டதற்கு, விதியில் இடமில்லை என்றார் நடுவர். அவர் மேல் தப்பில்லை. கடைசியில் தளத்துக்கு வெளியே கரிசலில் நாலு கடப்பாரை இறக்கி, அவற்றில் பெல்ட்டைக் கட்டினோம். கோடை வெடிப்பில் கடப்பாரை நிற்குமா? எனக்குத் தெரியும், நிற்காது.

செல்வராணி எறிந்தாள். குண்டு போன வேகத்தில் நாற்காலி பின்னங்காலைத் தூக்கியது, கடப்பாரை ஒன்று பிடுங்கிக்கொண்டு வந்தது. ஃபவுல், சிவப்புக் கொடி. மறுபடி அடித்து இறக்கினோம். இரண்டாவதும் சிவப்பு. மூன்றாவதில் ஆவேசமாக எறிந்தாள். குண்டு தூரப் போய் மண்ணில் பொத்தென்று குழி பறித்து உட்கார்ந்தது. கொடி சிவப்புத்தான்.

டேப் என் கையில் இருந்தது. அளக்கிற வேலையை அன்றைக்கு எனக்குத்தான் கொடுத்திருந்தார்கள்.

"ஸார்" என்று நாற்காலியிலிருந்து கூப்பிட்டாள். "செல்லாதுன்னா செல்லாம போவட்டும். எம்புட்டு தூரம்னு மட்டும் அளந்து சொல்லுங்க. வீட்டுல போய்ச் சொல்லணும்லா."

பின்னால் ஏ.இ. வாட்சைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஃபவுலை அளக்கிற வழக்கம் இல்லையம்மா என்று சொல்லி டேப்பைச் சுருட்டினேன். பந்தல்காரன் வேன் அந்தக் குழி மேலேயே ஏறிப் போனது. பதின்மூன்று பேரில் ஒருவர்கூடத் தேறவில்லை.

4. மெமோ

மெர்சி என் பெயரைப் போட்டுப் புகார் எழுதினாள். மெமோ வந்தபோது அவள் மேல் எரிச்சல் வந்தது, ஏ.இ. பெயர் ஏன் இல்லை என்று. யோசித்தால், அறுக்கச் சொன்ன வாய் என்னுடையது. 'மேலிட வாய்மொழி உத்தரவு' என்று எழுதித் தப்பிக்க யூனியன்காரர்கள் வழி சொன்னார்கள். சொன்னது ஏ.இ., செய்தது நான் என்று இரண்டையும் எழுதிக் கொடுத்தேன். எனக்கு இன்க்ரிமெண்ட் நின்றது. அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. போகட்டும்.

கொக்கியை மறுபடி நட வைக்க மெர்சிக்கு இன்னொரு வருடம் ஆயிற்று. அதற்குள் நான் ரிடையர்டு ஆகிவிட்டேன். ஆனாலும் கூப்பிட்டாள். "அண்ணாச்சி, வந்து நீங்க இழுத்துப் பாருங்க." இழுத்துப் பார்த்தேன். நின்றது. அந்த வருடம் மூன்று பேர் தேறினார்கள்.

செல்வராணி வரவில்லையா என்று கேட்டேன்.

"வீட்டுக்கே போய்க் கூப்புட்டேன். 'எனக்கு எறிய வரும்னு யாருக்குக்கா தெரியும்'ங்கா."

எனக்குத் தெரியும். அந்தக் குழியை நான் பார்த்தேன். ஐந்தரை மீட்டருக்குக் குறையாது. ஆனால் கண்ணால் பார்த்த அளவை இப்போது யாரிடம் போய்ச் சொல்ல?

புதிதாக ஓவர்சியர் வேலைக்கு வந்திருக்கிற பிள்ளைகளே, வாய் உத்தரவுக்கு ஒரு கம்பியைக்கூட அறுக்காதீர்கள். அதைவிட முக்கியம், கையில் டேப் இருக்கும்போது ஒருத்தி அளந்து சொல்லச் சொன்னால், பின்னால் எவன் நின்றாலும் அளந்து சொல்லுங்கள்.