நான் போகாத கிணறு

எஃகு அளவு நாடாவின் கடைசி இரண்டு அடியில் வெண்கட்டியைத் தேய்த்துக் கிணற்றுக்குள் இறக்கினால், தண்ணீரில் தோய்ந்த அளவுக்கு வெள்ளை கறுத்துப்போகும். கிணற்றுக்கட்டின் விளிம்பில் நாடா காட்டும் அளவிலிருந்து தோய்ந்த நீளத்தைக் கழித்தால், தண்ணீர் எத்தனை அடி ஆழத்தில் கிடக்கிறது என்று தெரிந்துவிடும். வெண்கட்டியை நாங்கள் விரிவுரை மண்டபத்துக் கரும்பலகையடியிலிருந்து எடுத்தோம். விடுமுறை என்பதால் கேட்க ஆளில்லை. ஒரு காலைக்கு ஒரு துண்டு போதும். தச்சு வேலை செய்கிறவர் பென்சிலைச் செருகுவதுபோல என் அறைத்தோழன் அதைக் காதில் செருகிக்கொள்வான். அந்த மாதம் முழுவதும் அவனுடைய வலது காதுமடல் வெள்ளையாகவே இருந்தது. அவனை நினைத்தால் முகத்துக்கு முன்னால் அந்தக் காதுதான் எனக்கு வருகிறது.

எண்பத்தேழாம் ஆண்டு, மாரி முடிந்து வெயில் ஏறிய மாதங்கள். நாங்கள் இருவரும் பல்கலைக்கழகத்தில் புவியியல் படித்துக்கொண்டிருந்தோம். அவன் கரவெட்டி, நான் தென்மராட்சி. நீண்ட விடுமுறையில் ஆறு வாரம் ஏதாவதொரு அலுவலகத்தில் பயிற்சி எடுத்து அறிக்கை கொடுக்க வேண்டும் என்பது விதி. கிணற்று நீரை ஆராயும் சிறிய அலுவலகம் ஒன்றில் எங்களுக்கு இடம் கிடைத்தது. மற்றவர்கள் பஸ் ஓடும்போதே ஊருக்குப் போய்விட, நாங்கள் விடுதியில் தங்கினோம். அவ்வளவு பெரிய விடுதியில் மூன்று அறைகளில்தான் ஆட்கள். சமையற்காரர் போய்விட்டார். பாணும் சம்பலும், பனங்கட்டி கடித்துக்கொண்டு குடிக்கும் வெறும் தேநீரும்தான் சாப்பாடு. அறிவித்தல் பலகையில் முடிந்துபோன தேர்வின் நேரசூசி மஞ்சளித்துத் தொங்கியது. விளையாட்டுத் திடலோரம் மாணவர்கள் வெட்டிய பதுங்குகுழிக்குள் ஒரு நாய் குட்டி போட்டிருந்தது. ஆளில்லாத கட்டடங்கள் எல்லாச் சத்தத்தையும் பெரிதாக்கிவிடும். தூரத்தில் ஷெல் விழுந்தால் முதலில் விரிவுரை மண்டபத்து ஜன்னல் கண்ணாடிகள் நடுங்கும், பிறகுதான் சத்தம் வரும். அந்த இடைவெளியை அவன் விரல்விட்டு எண்ணுவான். வாரத்துக்கு வாரம் எண்ணிக்கை குறைந்துகொண்டே வந்தது.

மொத்தம் பதினாறு கிணறுகள். செவ்வாய்க்கிழமைகளில் காலை பத்து மணிக்குள் எல்லாவற்றையும் அளந்துவிட வேண்டும். கோப்பாய்ப் பக்கத்து எட்டும் அவனுக்கு, புத்தூர்ப் பக்கத்து எட்டும் எனக்கு. தெரிவு செய்தது நான்தான். புத்தூர் வீதி நல்ல வீதி, சைக்கிள் மிதிக்க லேசு என்று எடுத்துக்கொண்டேன். ஆனால் என் எட்டாவது கிணறு வீதியில் இல்லை. புத்தூரைத் தாண்டி உள்ளே போகும் செம்மண் ஒழுங்கையின் முடிவில், ஒரு வெங்காயத் தோட்டத்துக்குள் இருந்தது. அங்கே நின்று பார்த்தால் பனைகளுக்கு அப்பால் இராணுவ முகாமின் காவலரண் தெரியும். அலுவலகம் தந்த நிலப்படத்தில் எட்டுக் கிணறுகளையும் சிவப்புப் பென்சிலால் குறித்திருந்தேன். அந்தக் காவலரணையும் ஒரு சிறிய சதுரமாகக் குறித்து வைத்தேன். எவ்வளவு கிட்டப் போகிறேன் என்று தெரிந்திருக்கவேண்டும் என்பதற்காக, பயத்தில் செய்த வேலை அது.

முதல் வாரம் தோட்டக்காரரும் மனைவியும் அங்கே இருந்தார்கள். தண்ணீர் பாய்ச்சிக்கொண்டே என்னை வேடிக்கை பார்த்தார்கள். இரண்டாம் வாரம் போனபோது அவர்களுடைய ஓலைக் கொட்டிலின் கதவு கம்பியால் கட்டியிருந்தது. வெங்காயத் தாள்கள் நுனி கருகத் தொடங்கியிருந்தன. நான் நாடாவை இறக்கிக்கொண்டிருக்கும்போது முகாம் பக்கமிருந்து ஹெலிகொப்டர் எழும்பியது. கிணற்றுக்கட்டோடு ஒட்டிப் படுத்துவிட்டேன். நாடாவின் முனையில் கட்டியிருந்த ஈயக்கட்டி உள்ளே கல்லில் தட்டிக்கொண்டே இருந்தது. அந்தச் சத்தம் மேலே கேட்டுவிடும் என்று நினைத்தேன். ஹெலிகொப்டர் இரண்டு தரம் வட்டமிட்டுவிட்டுப் போனது. அன்று மத்தியானம் இதையெல்லாம் அறைத்தோழனிடம் பகிடியாகச் சொன்னேன். தோட்டத்துச் சனம் ஊரைவிட்டுப் போய்விட்டதையும் சொன்னேன்.

மூன்றாம் வாரம் ஏழு கிணறுகளை அளந்துவிட்டுத் திரும்பி, கோப்பாய்ச் சந்தித் தேநீர்க்கடையில் இருந்துகொண்டு எட்டாவதை எழுதினேன். தோட்ட இறைப்பினால் எல்லாக் கிணறுகளிலும் வாரத்துக்கு மூன்று நான்கு அங்குலம் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. நானும் நான்கு அங்குலம் இறக்கினேன். ஒருவரும் கேட்கவில்லை. நான்காம் செவ்வாய்க்கு இன்னும் துணிந்துவிட்டேன். எட்டாவது அளவைக் காலையில் புறப்படுமுன்பே அறையில் வைத்துப் பேனையால் எழுதிவிட்டேன்.

அந்த வாரம் மண்ணெண்ணெய் குடாநாட்டுக்குள் வரவில்லை. தண்ணீர் இறைக்கும் மெசின்கள் தோட்டங்களில் ஓய்ந்துவிட்டன. இறைப்பு நின்றதால் கிணறுகளில் தண்ணீர் ஏறியது. என் ஏழு கிணறுகளிலும் அதைக் கண்ணால் பார்த்தேன். எட்டாவதில் மட்டும் நான் எழுதிய தண்ணீர் இறங்கியிருந்தது. வெட்டித் திருத்தினால் தெரிந்துவிடும் என்று அப்படியே கொடுத்தேன்.

பொறுப்பதிகாரி வரைபுத் தாளில் புள்ளிகளைப் போட்டுக்கொண்டு வந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

"தம்பி, பதினைஞ்சு கிணறு ஏறுது. உது மட்டும் ஏன் கோவிச்சுக்கொண்டு இறங்குது?"

"தெரியேல்லை சேர்."

"ஆரோ ஒருத்தன் மண்ணெண்ணெயைப் பதுக்கி வைச்சு இறைக்கிறான் போல. ஆளைக் கண்டால் என்ரை வீட்டு விளக்குக்கும் ஒரு போத்தில் கேட்டுப் பாரும்."

எல்லோரும் சிரித்தோம். சிரிப்பு அடங்கிய பிறகு அவர், "நாளைக்கு ஒருக்கால் திருப்பி அளந்துகொண்டு வாரும். உது பிழையெண்டால் அறிக்கை முழுக்கப் பிழை" என்றார்.

அறைக்கு வந்ததும் நண்பன் கதவைச் சாத்தினான்.

"தோட்டத்துச் சனம் போயிட்டுதெண்டு சொன்னனியெல்லோ. பிறகு ஆர் மச்சான் இறைச்சது?"

நான் குனிந்து செருப்பைக் கழற்றினேன்.

"நீ போகேல்லை, என்ன?"

"ரெண்டு கிழமையாப் போகேல்லை."

அவன் கட்டிலில் விழுந்து சிரித்தான். "அடப்பாவி, கதிரையிலை இருந்து கிணறு அளந்த முதல் ஆள் நீதான்ரா." நாளைக்கும் ஒரு இலக்கத்தைப் போட்டுக் கொடுப்போம் என்றேன். "போடலாம். மனுசன் தானும் போய்ப் பாப்பமெண்டு வெளிக்கிட்டால் என்ன செய்வாய்? உன்ரை பயிற்சியும் போய், என்ரை பயிற்சியும் போகும்" என்றான். அது உண்மைதான். அறிக்கை இருவருக்கும் பொதுவானது.

மறுநாள் காலை நான் எழும்பவில்லை. "காய்ச்சல் மாதிரிக் கிடக்கு" என்றேன். அவன் என் கழுத்தில் புறங்கையை வைத்துப் பார்த்தான். "குளுகுளுவெண்டு கிடக்கடா உன்ரை காய்ச்சல்" என்றான். பிறகு வெண்கட்டித் துண்டை எடுத்துக் காதில் செருகிக்கொண்டான். "சரி, கிட. இந்த ஒருக்கால் நான் போயிட்டு வாறன். படத்தைத் தா, எனக்கு அந்த ஒழுங்கை தெரியாது." நிலப்படத்தை மடித்துக் கொடுத்தேன். சிவப்புச் சதுரம் அதில் இருந்தது. அழிரப்பர் மேசையில்தான் கிடந்தது. எனக்கு அது நினைவுக்கு வரவில்லை என்று எழுதத்தான் ஆசை. நினைவுக்கு வந்தது. எழும்பிப்போய் அழித்தால் காய்ச்சல் பொய்யென்று ஆகிவிடும் என்று படுத்திருந்தேன். அவனுக்கு அது பொய்யென்று முன்னமே தெரியும்.

பத்து மணிக்குள் வந்துவிடுவதாகச் சொல்லிப் போனான். அன்று ஜன்னல் கண்ணாடிகள் ஒரு தரமும் நடுங்கவில்லை. அதை நல்லதுக்கென்று எடுத்துக்கொண்டேன். பதினொன்று ஆயிற்று, பன்னிரண்டு ஆயிற்று. விடுதி முற்றத்தில் காகங்கள்கூட இல்லாத வெயில். இரண்டு மணியளவில் வாசற் காவலாளி படியேறி வந்தார். "தம்பி, புத்தூர்ப் பக்கம் ஆமி வெளிக்கிட்டதாம். ஒழுங்கையளிலை நிண்ட பெடியளை ஏத்திக்கொண்டு போயிட்டாங்களாம். உங்கடை ஆள் எங்கை?" என்றார்.

அவனையும் சேர்த்து எட்டுப் பேரை ஏற்றிப்போனார்கள். கிணற்றடியில் அவனுடைய சைக்கிளும் நாடாவும் கிடந்ததாக ஊரவர்கள் சொன்னார்கள். நிலப்படத்தை ஒருவரும் காணவில்லை.

மறுநாள் பொறுப்பதிகாரி என்னை அழைத்தார். முகம் வெளுத்திருந்தது. "அந்தக் கிணறு உம்மடையெல்லோ? அவர் ஏன் போனவர்?" என்று கேட்டார். "அவன்தான் கேட்டவன் சேர். தான் போகவேணும் எண்டு நிண்டவன்" என்றேன். பதற்றத்தில் தானாக வாயில் வந்துவிட்ட சொல் என்று பல வருடங்கள் எனக்கே சொல்லிக்கொண்டேன். அப்படியில்லை. விடுதியிலிருந்து அலுவலகத்துக்கு நடந்த வழி முழுவதும் அந்த வசனத்தைச் சொல்லிப் பார்த்துக்கொண்டுதான் போனேன்.

அவனுடைய தகப்பனார் கரவெட்டியிலிருந்து சைக்கிளில் வந்தார். முகாமில் கொடுக்க அலுவலகக் கடிதம் வேண்டுமென்றார். பிடிபட்ட மற்றவர்களுக்குப் பாடசாலை அதிபரும் கிராம சேவகரும் கடிதம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் அதிகாரி பொய் எழுதாத மனிதர். நான் சொன்னதை உண்மையென்று நம்பி, இவர் எமது பயிற்சி மாணவர், எனினும் குறித்த இடம் இவருக்கு ஒதுக்கப்பட்டதல்ல, தமது விருப்பத்தின் பேரிலேயே அங்கு சென்றுள்ளார் என்று எழுதினார். தட்டெழுத்துப் பொறியிலிருந்து அந்தத் தாள் வரிவரியாக மேலே ஏறுவதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். வெளியே வரும்போது தகப்பனார் என் கையைப் பிடித்தார். "தம்பி, அவன் ஏன் அங்கை போனவன்? உமக்குச் சொல்லாமல் போயிருக்கமாட்டான்." நான், "தெரியாது ஐயா" என்றேன்.

இரண்டு வாரத்தில் ஏழு பேர் திரும்பி வந்தார்கள். முகாமின் காவலரண் குறிக்கப்பட்ட நிலப்படத்தோடு, அங்கே அவனுக்கு வேலையில்லை என்று சொல்லும் கடிதத்தோடு நின்ற ஒருவன் வரவில்லை. திரும்பி வந்தவர்களில் ஒருவர், அவனைத் தனியாக வேறொரு லொறியில் ஏற்றியதைக் கண்டதாகச் சொன்னார். அதற்குப் பிறகு அவனைப் பற்றி ஒருவரிடமிருந்தும் ஒரு சொல்லும் இல்லை.

ஊரில் கதை வேறுவிதமாக வளர்ந்தது. உவன் இயக்கத்துக்கு வேவு பாக்கப் போனவன் என்று சிலர். உவன் ஆமிக்கு ஆள் காட்டப் போனவன், அதுதான் தனி லொறி என்று பலர். இரண்டாவது கதை கரவெட்டியில் நிலைத்தது. அந்த வீட்டுக்கு வந்துபோன சனம் குறைந்தது. கோயிலில் தாயார் நிற்கும் இடத்தில் பக்கத்தில் ஒருவரும் நிற்பதில்லை என்று கேள்விப்பட்டேன். அவன் ஏன் போனான் என்ற கேள்விக்கு விடை தெரிந்த ஒரே ஆள் அப்போது விடுதி அறையில் இருந்து அறிக்கையை முடித்துக்கொண்டிருந்தான். திருப்பி அளக்கச் சொல்லியிருந்ததால் எட்டாவது கிணற்றின் நான்காம் வார அளவு அறிக்கையில் வெற்றிடமாக இருந்தது. பக்கத்துக் கிணறுகளின் ஏற்றத்தைப் பார்த்து ஒரு எண்ணை எழுதினேன். ஐந்து நிமிட வேலை. அதிகாரி அதை ஏற்றுக்கொண்டார். அறிக்கைக்கு நல்ல புள்ளியும் கிடைத்தது.

அதே துறையில் விரிவுரையாளனாகி, விடுமுறைப் பயிற்சிக்குப் பொறுப்பாகவும் பல வருடங்கள் இருந்து ஓய்வு பெற்றேன். கையில் கடிதமில்லாமல் ஒரு மாணவரையும் வெளியே விடமாட்டேன். மிகவும் பொறுப்பானவர் என்று பெயர் எடுத்தேன். என் கடைசி வருடங்களிலேயே பிள்ளைகள் ஒரு கருவியைக் கிணற்றுக்குள் இறக்கிவிட்டு மரநிழலில் இருந்து தொலைபேசியில் அளவு பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். போகாமலே எழுதிவிட்டு வருகிறவர்களும் இருந்தார்கள். எண்களைப் பார்த்தே எனக்குத் தெரிந்துவிடும். ஒருவரையும் திரும்ப அனுப்பியதில்லை. அந்த எண்ணை வெட்டிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போவேன்.

தகப்பனார் முதலிலும் தாயார் சில வருடங்களுக்கு முன்பும் இறந்துபோனார்கள். தாயார் இருக்கும்வரை எனக்கு அந்த வீட்டுக்குப் போகத் தைரியம் வரவில்லை. இல்லாதபோதுதான் வந்தது. சென்ற மாதம் கரவெட்டிக்குப் போனேன். அவனுடைய தங்கை மட்டும் இருக்கிறாள். அண்ணன் போகும்போது பாடசாலைப் பிள்ளை, இப்போது நரைத்த தலை. வாங்குப் பலகையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். காய்ச்சலை, சதுரத்தை, அலுவலகத்தில் சொன்ன வசனத்தை. முடிந்த பிறகு, "அம்மா இருக்கேக்கை வந்திருக்கலாம்" என்றாள்.

உள்ளே போய்க் கோப்பு ஒன்றை எடுத்து வந்தாள். காணாமற்போனோர் பற்றிய விசாரணை என்று எங்கே கூப்பிட்டாலும் அவள் கொண்டுபோகும் கோப்பு. எல்லாவற்றுக்கும் அடியில் எங்கள் அலுவலகத்தின் பழைய கடிதம். "இதுக்குப் பதிலா ஒண்டு எழுதித் தாங்கோ அண்ணை" என்று தாளும் பேனையும் தந்தாள். எத்தனையோ நூறு கடிதம் எழுதிய பழக்கத்தில், பயிற்சிக் கடமையின் பொருட்டே அவர் அங்கு சென்றார் என்று எழுதிக் கையெழுத்திட்டேன். வாங்கிப் படித்தாள்.

"ஆரின்ரை வேலையெண்டு இதிலை இல்லை. படத்திலை ஆமி முகாமைக் கீறினது ஆரெண்டும் இல்லை."

இரண்டையும் எழுதினேன். அவள் அதைக் கோப்பில் மேலாக வைத்தாள். இதைப் பத்திரிகையிலும் எழுதலாமா என்று கேட்டேன். "எழுதுங்கோ. அவன்ரை பேரைப் போடாதையுங்கோ. ஊர் அதைப் போதுமளவுக்குச் சொல்லிப்போட்டுது" என்றாள். பிறகு, "அந்தக் கிணறு இப்பவும் கிடக்கோ?" என்று கேட்டாள்.

தெரியாது என்றேன். அன்றிலிருந்து அந்த ஒழுங்கைக்குள் நான் போனதில்லை.

"இடம் தெரியும்தானே. கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவியளோ?"

"ஓம்" என்றேன். வெயில் தாழட்டும், இன்னொரு நாளைக்கு வாறன் என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் அதற்குள் கதவைப் பூட்டிக் குடையை எடுத்துக்கொண்டு படியிறங்கிவிட்டாள்.