ஊர் மைக்கும் என் வாயும்

பேருந்தில் நிற்பவரின் பை உட்கார்ந்திருப்பவரின் மடிக்கு வருவது நம் பக்கத்தில் கேட்காமலே கிடைக்கும் உரிமை. மாமல்லபுரத்தில் ஏறிய ஒரு பள்ளிக்கூடப் பெண்ணின் பை அப்படித்தான் என் மடிக்கு வந்தது. அவள் கையில் திருத்திய கணக்கு விடைத்தாள். நூற்றுக்கு ஏழு. நான் பார்த்துவிட்டேன் என்று தெரிந்ததும் அதை மடித்து மடித்து உள்ளங்கைக்குள் ஒளித்துக்கொண்டாள்.

சங்கடப்பட வேண்டிய அந்த நேரத்தில்தான் எனக்கு யோசனை உதித்தது. அவள் பத்தாம் வகுப்பு. தன் குப்பத்தில் இறங்குவதற்குள் அவளுக்கு ஒரு கணக்கைச் சொல்லிக்கொடுத்தேன். தோழியைப் பார்க்க நான் கல்பாக்கத்தில் இறங்குவதற்குள் இலவச டியூஷன் மையத்துக்குப் பெயர், கைபேசியில் வரைந்த சின்னம், வாட்ஸாப் குழு எல்லாம் தயார். குழுவில் தோழியும் எங்கள் இருவரின் அம்மாக்களும் இருந்தார்கள். பிள்ளைகள்தான் இல்லை.

அடுத்த மாதமே செங்கல்பட்டிலிருந்து சனி, ஞாயிறுகளில் அந்தக் குப்பத்துக்குப் போகத் தொடங்கினேன். வலை பின்னும் கூடத்தை ஊர்ப் பஞ்சாயத்துத் தலைவர் கொடுத்தார். பக்கத்திலேயே அம்மன் கோவில். அதில் ஊர் மைக். நாளைக்குக் கடலுக்குப் போகக் கூடாது, ரேஷன் கடையில் மண்ணெண்ணெய் வந்திருக்கிறது, யாரோ ஒருவரின் ஆட்டைக் காணவில்லை என்பதெல்லாம் அதில்தான் சொல்வார்கள்.

"நானும் அதுல பேசலாமா?" என்று கேட்டேன்.

"நல்ல விஷயம்னா பேசு பாப்பா. சுருக்கா முடி," என்றார் தலைவர்.

சுருக்கமாக முடிப்பது எனக்கு வராது. முதல் நாள் வகுப்பு நேரத்தைச் சொன்னேன். பிள்ளைகள் ஓடி வந்தார்கள். அடுத்த வாரம் வினாடி வினாவில் வென்றவர்கள் பெயர். அதற்கடுத்த வாரம் கல்வியின் பெருமை பற்றி ஒரு சிற்றுரை. என் குரல் தென்னந்தோப்பைத் தாண்டிப் போய்த் திரும்பி வருவதைக் கேட்பதில் ஒரு சுகம் இருந்தது. படூரில் நான் வேலை பார்க்கும் அலுவலகத்தில் என் பேச்சைக் கேட்பவர் யாரும் இல்லை என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

காலாண்டுத் தேர்வில் பேருந்துப் பெண் முப்பத்தொன்று வாங்கினாள். தேர்ச்சிக்கு இன்னும் நாலுதான் குறை. எனக்குத் தரையில் கால் நிற்கவில்லை. நேராக மைக்குக்குப் போனேன். அவள் பெயர், அப்பா பெயர், தெரு எல்லாம் சொல்லி, "ஏழு மதிப்பெண்ணிலிருந்து முப்பத்தொன்றுக்கு உயர்ந்திருக்கிறார், எல்லோரும் கை தட்டுங்கள்!" என்றேன்.

யாரும் தட்டவில்லை. அந்த ஏழு அவளுக்கும் பள்ளிக்கும் எனக்கும் மட்டும் தெரிந்த விஷயம். வீட்டில் நாற்பது என்று சொல்லி வைத்திருந்தாள்.

அடுத்த சனிக்கிழமை அவள் வரவில்லை. ஞாயிறும் இல்லை. மீன் விற்றுவிட்டு வந்த அவள் அம்மா கூடையை இறக்காமலே என்னைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னா மிஸ்ஸு, முப்பத்தொண்ணு எவன் காதுலயும் வுழல. தெருவுல போனா பசங்க 'ஏழு வருது, ஏழு வருது'ன்றானுங்க. வூட்டவுட்டு வரமாட்டேங்குது பொண்ணு."

"நான் பாராட்டத்தான்மா..."

"பாராட்டு வேறயா? பத்தாவது கணக்குல பெயிலானா அப்பால படிப்பு இல்ல, என்னோட கூடை தூக்கத்தான்னு அவ அப்பன் சொல்லிகினு கீறான். அவளுக்கு நர்ஸு படிக்கணுமாம்."

அந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் இந்தக் கட்டுரை இங்கேயே முடிந்திருக்கும். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தோன்றியது. ஊர் முன்னால் செய்த தவறுக்கு ஊர் முன்னால்தானே கேட்க வேண்டும்? மறுபடி மைக்கைப் பிடித்தேன். "அந்த மாணவி ஏழு மதிப்பெண் எடுத்ததை நான் வெளியில் சொன்னது பெரும் தவறு" என்று, ஏற்ற இறக்கத்தோடு, இரண்டு முறை.

தலைவர் மெதுவாக வந்து சுவிட்சை அணைத்தார். "மொத தபா நீ சொல்லும்போது நான் கடல்ல இருந்தேன் பாப்பா. பாதி ஊரு கடல்லதான் இருந்துச்சு. இப்ப எல்லாருக்கும் தெரிஞ்சிடுச்சு."

மைக் சாவி அன்றோடு அவர் இடுப்புக்குப் போயிற்று.

வேறு வழியில்லாமல், குரலைத் தாழ்த்திக்கொண்டு அவள் வீட்டுக்கே போனேன். வாசலில் மீன் தரம் பிரித்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"நீங்க கணக்குல எவ்ளோ எடுப்பீங்க?" என்றாள் திடீரென்று.

"பத்தாவதுல நல்ல மார்க்தான். காலேஜ்ல ஒரு பேப்பர் அரியர்."

"அரியர்னா?"

"அது வந்து... திரும்ப எழுதணும்."

"பெயிலு."

"பெயில்னு சொல்ல மாட்டாங்க..."

"பெயிலுதானே?"

"ஆமா."

"எத்தினி தபா?"

"ரெண்டு."

முதல் முறையாக நிமிர்ந்து பார்த்தாள். சிரிப்பு வரவில்லை, ஆனால் கையில் இருந்த காரப்பொடி மீனைக் கொஞ்சம் நிதானமாகவே கீழே வைத்தாள்.

"கூடத்துக்கு வரமாட்டேன். காலைல, போட்டு கரைக்கு வரும்போது தெருவுல ஆளு இருக்காது. எல்லாம் கடலோரம் போயிடும். அப்ப வூட்டுக்கு வாங்க. கை தட்டக் கூடாது. 'சூப்பர்'னு சொல்லக் கூடாது."

"சரி."

"கணக்கோட அழகு, அழகுன்னு சொல்றீங்களே, அதும் வேணாம். எனக்கு முப்பத்தஞ்சு வேணும்."

மூன்று மாதமாக நான் சூத்திரங்கள் பிறந்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். அன்று இரண்டு பேருமாகப் பழைய வினாத்தாளைத் தரையில் விரித்துப் பார்த்தோம். செய்முறை வடிவியலுக்கு எட்டு, வரைபடத்துக்கு எட்டு. வருடா வருடம் தவறாமல் வருகிற பதினாறு. அந்தப் பக்கம் நான் போகவே இல்லை. காம்பஸ் பிடிப்பது எனக்கு அலுப்பு.

ஞாயிற்றுக்கிழமை தொடங்குகிறோம். செங்கல்பட்டில் முதல் பேருந்தைப் பிடிக்க வேண்டும். எட்டு மணிக்கு முன்னால் எழுந்த பழக்கமில்லாததால் அம்மாவிடம் முகத்தில் தண்ணீர் ஊற்றச் சொல்லியிருக்கிறேன். முதல் பாடம், வட்டத்துக்கு வெளியே ஒரு புள்ளியிலிருந்து இரண்டு தொடுகோடுகள். இன்று மதியம் அலுவலகத்தில் பழகிப் பார்த்தேன். ஒரு கோடு வட்டத்தை வெட்டிக்கொண்டு உள்ளே போனது, இன்னொன்று தொடாமலே தாண்டிப் போனது. இன்னும் இரண்டு நாள் இருக்கிறது.