குச்சியக்கா எடுத்த சவலைப் புள்ளி

ஆய்வகத்தில் அவளை எல்லோரும் குச்சியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். தட்டில் முளைத்த பாக்டீரியாப் புள்ளிகளைப் பல் குத்தும் குச்சியால் தொட்டு எடுத்து, சாயத் தண்ணீர் நிரப்பிய குழிகளில் போடுவது அவள் வேலை. ஒரு நாளைக்கு ஐந்நூறு புள்ளி. கை பிசகியதே இல்லை.

அந்த பாக்டீரியாவின் நொதி, கழிவுநீரில் சிவப்புச் சாயத்தை மட்டும் உடைக்கும். வேறு எதைக் கொடுத்தாலும் பிடிவாதக்காரப் பிள்ளை மாதிரி வாயை மூடிக்கொள்ளும். மரபணுவை அங்கங்கே மாற்றி, நீலத்தையும் உடைக்க வைக்கப் பார்த்தார்கள். உடைத்தால் குழியில் நீலம் வெளுக்கும். இரண்டு வருடமாக ஒன்றும் வெளுக்கவில்லை, குச்சியக்காவின் தலைமுடியைத் தவிர.

"இந்த ஆராய்ச்சியை இந்த மாசத்தோட மூடிடலாம்" என்று ஆய்வகத் தலைவி டாக்டரம்மா சொன்ன அன்று ராத்திரி, வீட்டில் சாப்பிட உட்கார்ந்தாள். எதிரே அவள் கணவன், பஸ் டிரைவர். சட்டை தொளதொளவென்று தொங்கியது.

"ஏங்க இப்படி இளைச்சுட்டீங்க?"

"பழைய ரூட்டோட புதுசையும் சேர்த்து ஓட்டச் சொல்லிட்டாங்கல்ல. ரெண்டையும் இழுத்தா உடம்பு எங்க தேறும்?"

அவளுக்குப் பகீரென்றது. இரண்டு வேலை பார்க்கிற பாக்டீரியாவும் இளைக்கத்தானே செய்யும்? அவளோ கொழுகொழுவென்று இருந்ததையே பார்த்துப் பார்த்து எடுத்தாள். சவலையாக ஓரத்தில் கிடந்ததெல்லாம் குப்பைக்குப் போயிற்று. யாரும் அப்படிச் சொல்லித்தரவில்லை, பாழாய்ப்போன கை பழகிவிட்டது.

மறுநாள் டாக்டரம்மாவிடம் மறைக்காமல் சொன்னாள். "தப்பு என்னோடதும்மா. சின்னதை மட்டும் எடுத்து ஒரு தடவை பார்த்துடறேன்."

"செத்த மாதிரி கிடக்கு. அதுல என்ன இருக்கும்?" என்றார் டாக்டரம்மா.

"அதுலயும் இல்லேன்னா நானே மூடிட்டுப் போறேன்."

பத்தொன்பது நாள், குண்டூசி முனை அளவுப் புள்ளிகளாகத் தேடிப் பொறுக்கினாள். கண் எரிந்தது. விடவில்லை. இருபதாம் நாள் காலை, மூலையில் ஒரே ஒரு குழி மட்டும் நீலம் போய் வெறும் தண்ணீராகத் தெளிந்திருந்தது. நம்பாமல் மூன்று முறை திரும்பப் போட்டாள். மூன்று முறையும் வெளுத்தது. டாக்டரம்மா அவள் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதேவிட்டார்.

குச்சியக்கா ஆய்வகக் குறிப்பேட்டைத் திறந்து எழுதினாள்: 'இரண்டு வருடமாகக் கொழுத்த புள்ளிகளை மட்டும் எடுத்தது நான்.'

"அதான் ஜெயிச்சாச்சே, இதை எதுக்கு எழுதறீங்க?" என்றார் டாக்டரம்மா.

"ஜெயிச்சது அந்தச் சவலைப் புள்ள. அடுத்து குச்சி பிடிக்கிறவங்களுக்கு இது தெரியணும்ல?" என்றவள், கீழே தன் முழுப் பெயரையும் எழுதினாள்.