தாரை வார்க்க வந்த அத்தை

என் மாமியாருக்குக் கோபம் வந்தால் செம்பாக்கம் ஏரிக்கரை வரை கேட்கும். காலமெல்லாம் கணக்கு டீச்சராக இருந்த குரல். அந்தக் குரல் ஒருநாள் தாம்பரத்தில், ஒரு வக்கீலின் அறையில் உயர்ந்தது. காரணம் நான்.

என் கணவர் இறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. என் மாமனாரும், என் அப்பா அம்மாவும் அதற்கும் முன்பே போய்விட்டார்கள். நாவலூரில் வேலை, செம்பாக்கத்தில் அத்தையோடு வீடு என்று ஓடிக்கொண்டிருந்தது. அலுவலகத்தில் ஒருவர் என்னைக் கல்யாணம் செய்துகொள்ளக் கேட்டதை நான் மென்று விழுங்கிச் சொன்னபோது, அத்தை அடுப்பை அணைத்துவிட்டு, "நல்ல பையனா? அப்ப சரி" என்றார். எந்த மாமியார் இவ்வளவு சுலபமாகச் சொல்வார்?

அத்தையின் கவலை மெதுவாகத்தான் வெளியே வந்தது. அவர் மகன் கட்டிய தாலியால் நான் மருமகள். இன்னொருவர் தாலி கட்டிவிட்டால் அத்தைக்கு நான் யார்? உறவுக்காரர்கள் இதை அவர் முகத்துக்கு நேராகவே கேட்டார்கள். "உன்னைத் தத்து எடுத்துக்கறேன். கிளம்பு" என்றார் அத்தை.

வக்கீல் பொறுமைசாலி. "பதினஞ்சு வயசு தாண்டினவங்களை, அதுவும் கல்யாணம் ஆனவங்களை, சட்டப்படி தத்து எடுக்க முடியாது டீச்சர். உங்க சமூகத்துல அப்படி ஒரு வழக்கம் இருந்தாதான் உண்டு. சொத்துக்காகன்னா ஒரு உயில் எழுதிடுங்க, போதும்."

"சொத்தைப் பத்தி யார் சார் பேசினா? இவ யாருன்னு கேட்டா நாளைக்கு நான் என்ன சொல்றது? சட்டம் எழுதினவங்களுக்கு வயசுக்கு வந்த பொண்ணே கிடையாதா?"

திரும்பி வரும்போது ஆட்டோவில், கல்யாணமே வேண்டாம் என்றுகூடச் சொல்லிப் பார்த்தேன். அத்தை முறைத்த முறைப்பில் வாயை மூடிக்கொண்டேன்.

அஸ்தினாபுரத்தில் ஒரு சின்ன மண்டபத்தில் கல்யாணம். தாரை வார்க்கும் நேரம் வந்தது. பெண்ணின் கையை மாப்பிள்ளை கையில் வைத்து, தண்ணீர் ஊற்றிக் கொடுப்பது பெண்ணைப் பெற்றவர்களின் உரிமை. அதற்காக என் பெரியப்பாவும் பெரியம்மாவும் எழுந்தார்கள். அதற்குள் முதல் வரிசையிலிருந்து அத்தை மேடை ஏறிவிட்டார். கணவனை இழந்தவர் மணமேடையில் நிற்பதா என்று மண்டபம் முழுக்க ஒரே முணுமுணுப்பு.

ஐயர் தடுமாறினார். "தம்பதியாதான் செய்யணும்மா. நீங்க பொண்ணுக்கு என்ன உறவு?"

"அதைத்தான் சட்டம் சொல்ல மாட்டேங்குது. எம் புள்ளைய அனுப்பிவெச்சப்ப நான் தனியாதான் நின்னேன், யாரும் தம்பதியா வான்னு கேக்கல. இவளையும் நானே அனுப்பறேன். செம்பைக் குடுங்க."

பெரியப்பா, பாவம், செம்பை எடுத்து அவரிடம் நீட்டிவிட்டு ஒதுங்கிக்கொண்டார். அந்த மனுஷனுக்கும் நான் கடமைப்பட்டிருக்கிறேன். எனக்குக் கண்ணீர் நிற்கவில்லை. "மை கலையுது, பேசாம இரு" என்று அதட்டினார் அத்தை.

தண்ணீர் ஊற்றி முடிந்தது. என் கை அத்தையின் கைக்குள்ளேயே இருந்தது. "கொடுத்தாச்சும்மா, விடுங்க" என்றார் ஐயர். அத்தை விடவில்லை. ஐயர் மறுபடியும் சொல்ல வேண்டியிருந்தது.