கருந்துளைக்கு யார் சாட்சி

விபத்துக் காப்பீடு கேட்டு வரும் மனுக்களை நேரில் போய் விசாரித்து அறிக்கை எழுதுவது என் வேலை. இருபது வருடப் பழக்கம். யார் எதைச் சொன்னாலும் முதலில் நம்ப மாட்டேன். குழம்பில் உப்பு சரியாக இருக்கிறது என்று மனைவி சொன்னால்கூட நான் ஒருமுறை நாக்கில் விட்டுப் பார்ப்பேன்.

பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகும் காலை பஸ்ஸில் ஓர் இயற்பியல் ஆசிரியர் என் பக்கத்தில் உட்கார்ந்து வருவார். ஒருநாள் செல்போனில் ஒரு படத்தைக் காட்டினார். நடுவில் கறுப்பு, சுற்றிலும் ஆரஞ்சு நிறத்தில் மங்கலான வளையம்.

"கருந்துளை சார். மொதமொதல்ல கெடைச்ச படம்."

"கேமராவுல எடுத்ததா?"

"இல்லீங்க. பூமியில பல எடத்துல இருக்குற ரேடியோ தொலைநோக்கி பதிவு பண்ணதக் கம்ப்யூட்டர்ல கோத்தது. நெறம்கூட நாமளா குடுத்ததுதான்."

"அப்ப போட்டோன்னு சொல்லாதீங்க."

அவர் சிரித்தார். எனக்குச் சந்தேகம் கூடியது. கேள்விக்குச் சிரிப்பவர்களிடம் பெரும்பாலும் பதில் இருக்காது.

மறுநாள் தயாராக வந்தார். நான்கு குழுக்கள், ஒருவரோடு ஒருவர் பேசாமல், தனித்தனியாக அந்தப் படத்தை உருவாக்கினார்களாம். நான்கிலும் வளையம் வந்ததாம். நானும் சாட்சிகளைத் தனித்தனியாகத்தான் விசாரிப்பேன்.

"நாலும் அச்சு அசலா ஒரே மாதிரியா?"

"கொஞ்சம் வித்தியாசம் இருந்துச்சு. வளையத்தோட அளவு மட்டும் ஒத்துப்போச்சு."

அது பிடித்திருந்தது. வார்த்தை மாறாமல் இரண்டு பேர் சொன்னால் அது பேசி வைத்தது. ஆனாலும் விடவில்லை.

"வளையத்த ஒத்துக்கறேன். நடுவுல கருந்துளை இருக்குன்னு யார் பாத்தா?"

அதற்குள் அரியலூர் வந்துவிட்டது.

அந்த வாரம் தா.பழூர் பக்கம் ஒரு விசாரணை. பனி மூடிய காலையில் சைக்கிளில் வயலுக்குப் போன ஒருவர் சாலையோரம் இறந்து கிடந்தார். லாரி அடித்துவிட்டது என்றார் அவர் மனைவி. பார்த்தவர் யாரும் இல்லை. குடித்துவிட்டு விழுந்திருக்கலாம் என்பது எங்கள் ஆபீசின் சந்தேகம். அதே எண்ணத்தோடுதான் நானும் போனேன்.

"குடிப்பாராம்மா?" என்று மூன்று தடவை கேட்டேன்.

மூன்றாவது தடவை அந்த அம்மா என்னை நேராகப் பார்த்தார். "எத்தன தடவ கேட்டாலும் அதாங்க. குடிக்க மாட்டாரு."

கறுப்பு சைக்கிளின் பின் மட்கார்டில் நீலப் பெயிண்ட் ஒட்டியிருந்தது. சாலையோர மண்ணில் லாரிக்கு இருப்பது போன்ற இரட்டைச் சக்கரத் தடம். புளியமரத்தில் என் மார்பு உயரத்துக்குப் பட்டை உரிந்திருந்தது. அடியில் விளக்குக் கண்ணாடிச் சில்லுகள். பிரேதப் பரிசோதனையிலும் மது இல்லை.

மறுநாள் பஸ்ஸில் இதைச் சொல்லி, லாரிதான் என்றபோது ஆசிரியர் மெதுவாகக் கேட்டார்: "அந்த லாரிய நீங்க பாத்தீங்களா சார்?"

இல்லையென்று தலையாட்டினேன்.

"கருந்துளையும் அப்படித்தான். அந்தப் படம் வேற மண்டலத்தோடது. நம்ம பால்வெளி மண்டலத்து நடுவுலயும் ஒரு எடத்த நட்சத்திரங்க படுவேகமா சுத்துது. சுத்துற வேகத்த வச்சுப் பாத்தா, நடுவுல நாப்பது லட்சம் சூரியனோட எடை இருக்கணும். அதுவும் ரொம்பச் சின்ன எடத்துல. கருந்துளையத் தவிர வேற எதப் பொருத்திப் பாத்தாலும் ஒத்து வரல."

"நாளைக்கு வேற ஒண்ணு ஒத்து வந்தா?"

"மாத்திக்குவோம். இன்னைக்கு வரைக்கும் இதான் சார்."

அந்தப் படத்தைவிட 'இன்னைக்கு வரைக்கும்' என்ற சொல்தான் என்னை நம்ப வைத்தது. பொய் வாக்குமூலம் கொடுத்த ஒருவர்கூட என்னிடம் அப்படிச் சொன்னதில்லை.

அடையாளம் தெரியாத கனரக வாகனம் பின்னாலிருந்து மோதியது, கிடைத்த தடயங்களுக்கு வேறு காரணம் பொருந்தவில்லை என்று அறிக்கை எழுதினேன். இரண்டு முறை விளக்கம் கேட்டுவிட்டு ஆபீசில் ஏற்றுக்கொண்டார்கள். கையெழுத்து வாங்கப் போனபோது அந்த அம்மா கேட்டார்.

"எந்த லாரின்னு தெரிஞ்சுதுங்களா?"

"தெரியலம்மா."

"ஆனா லாரிதானுங்களே?"

'அப்படி இருக்க வாய்ப்பு அதிகம்' என்பதுதான் என் வாயில் வழக்கமாக வரும்.

"லாரிதாம்மா" என்றேன்.